முதல் தேதி வராத மாதம்

மண்ணூர்பேட்டையில் 'லே-ஆஃப்' என்னும் சொல்லை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்த காலந்தொட்டு, இந்த நெடுஞ்சாலையோரக் குடும்பங்களின் பேச்சில் அது ஒரு தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. பெரிய ஆலைகளில் ஆணை குறைந்தால் சிறு பட்டறைகளில் இரண்டாம் ஷிப்ட் நின்றுவிடும். பட்டறை முதலாளிக்கு முன்பே தேநீர்க் கடைக்காரருக்கு அச்செய்தி எட்டியிருக்கும். 2019ஆம் ஆண்டு வாகனத் தொழில் சரிந்தபோது, எண்ணூர் அசோக் லேலண்டு ஆலை செப்டம்பர் மாதத்தில் மட்டும் 16 நாட்களை வேலையில்லா நாட்களாக அறிவித்தது. அறிவித்தது என்னும் சொல்லை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். ஆலைத் தொழிலாளருக்கு வேலை நிறுத்திவைக்கப்படும்போது பாதி ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும் என்பது 1953இல் தொழில் தகராறுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத்தொகுப்பிலும் அந்த ஏற்பாடு நீடிக்கிறது. பதிலித் தொழிலாளருக்கும் தற்காலிகத் தொழிலாளருக்கும் அது பொருந்தாது என்பது வேறு செய்தி. குறைகள் பல உண்டெனினும், ஆலையில் அதற்கென ஒரு பெயரும் ஒரு முறையும் இருக்கின்றன.

அரசுப் பணி என்றால் நம் மக்களின் மனக்கணக்கே வேறு. "கால் காசு என்றாலும் கவர்மெண்ட் காசு" என்று சொல்லி வளர்ந்த தலைமுறை இது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலோ பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையிலோ மாப்பிள்ளை வேலை செய்கிறார் என்றால், அவருடைய குணத்தைப் பற்றிய விசாரணை கூடச் சற்றுத் தாமதமாகவே நடக்கும். திருமணப் பேச்சுகளுக்குச் சாட்சியாக அமர்ந்திருந்த அனுபவத்தில் இதைச் சொல்கிறோம். தொகை பெரிது என்பதற்காக அல்ல, தேதி தவறாது என்பதற்காகவே அந்த மதிப்பு. மாதக் கடைசியில் பணம் வந்துவிடும். முதல் தேதியன்று மளிகைக் கணக்கு தீரும். சீட்டுப் பணம் கட்டப்படும். அந்த நம்பிக்கையின்மேல் எத்தனையோ வீடுகள் கட்டப்பட்டிருக்கின்றன.

வல்லரசு எனப்படும் அமெரிக்காவில் அரசு அலுவலகங்களே மூடப்படுகின்றன என்று சொன்னால் நம்மவர்கள் எளிதில் நம்புவதில்லை. அங்கே நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தைக் காங்கிரஸ் உரிய நாளில் நிறைவேற்றாவிட்டால், ஒதுக்கப்படாத பணத்தைச் செலவிடலாகாது என்னும் பழைய சட்டம் குறுக்கே நிற்கும். நெடுங்காலம் அதைத் தளர்த்தியே பொருள் கொண்டு அலுவலகங்களை நடத்திவந்தார்கள். 1980இல் அந்நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியாயிருந்த பெஞ்சமின் சிவிலெட்டி அதற்குக் கண்டிப்பான பொருள் கூறிய பின்னர், உயிரையும் உடைமையையும் காக்கும் பணிகள் தவிர ஏனையவை நிற்கவேண்டும் என்றாயிற்று. 2018 டிசம்பர் 22 முதல் 35 நாட்கள் அவ்வாறு நின்றன. ஏறத்தாழ எட்டு இலட்சம் ஊழியர் ஊதியமின்றித் தவித்தனர். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் நின்றன. வீட்டில் இருக்கும்படி பணிக்கப்படும் அந்தக் கட்டாய விடுப்புக்கு அங்கே 'ஃபர்லோ' என்று பெயர். வெள்ளையர் ஆட்சியில் துரைமார்கள் இங்கிலாந்துக்குச் சென்றுவர எடுத்த நீண்ட விடுப்புக்கும் அதே பெயர்தான். இன்று நம் நாட்டில் சில மாநிலங்களில் சிறைக் கைதிக்குத் தரும் விடுப்பை அச்சொல்லால் குறிக்கிறார்கள். சொற்களுக்கும் விதி உண்டு போலும்!

அந்த மூடலை நாம் புகழவில்லை. எனினும் அதற்காக ஊழியரை ஆயத்தப்படுத்தும் முறை ஒன்று அங்கே வளர்ந்திருக்கிறது. எவர் பணிக்கு வரவேண்டும், எவர் வீட்டில் இருக்கவேண்டும் என்பதை ஒவ்வொரு துறையும் முன்னதாகவே எழுதிவைக்கிறது. வீட்டிலிருப்போருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு வருகிறது. அவர்களே விரும்பினாலும் அந்நாட்களில் இலவசமாக வேலை செய்யக் கூடாது. வீட்டு உரிமையாளருக்கும் கடன் கொடுத்தவருக்கும் எழுதவேண்டிய மடலுக்கு மாதிரியும் வழங்கப்படுகிறது. 2018 இறுதியில் பணியாளர் நிர்வாக அலுவலகம் பரப்பிய மாதிரியொன்றில், வாடகைக்கு ஈடாக வண்ணம் பூசுதல், தச்சு வேலை முதலியன செய்து தருவதாகக் கேட்டுப் பார்க்கலாம் என்றிருந்தது. நாடே நகைத்தது, படித்தபோது நாமும் நகைத்தோம். நகைப்பு அடங்கியபின் ஒன்று உறைத்தது: கடன்காரருக்கு என்ன எழுதுவது என்று தன் ஊழியருக்காகக் கவலைப்பட்ட ஓர் அலுவலகம் உலகில் இருந்திருக்கிறது. நின்றுபோன நாட்களின் ஊதியம் பின்னர் கிடைக்கும் என்பதற்கு 2019இல் சட்ட உறுதியும் செய்தார்கள். அந்த அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கோ அவ்வுறுதி இல்லை. கடைமடைக்கு நீர் எட்டாதது எல்லா நாட்டுக்கும் பொது.

நம் அரசமைப்பில் இத்தகைய மூடலுக்கு இடமில்லை. வரவு செலவுத் திட்டம் நிறைவேறத் தாமதமானால், இடைக்காலச் செலவுக்கு முன்னதாகவே அனுமதி பெற 116ஆம் பிரிவு வழிசெய்கிறது. மக்களவை பணம் தர மறுத்தால் அமைச்சரவை விழும், கருவூலம் மூடாது. ஆகவே நிரந்தர அரசு ஊழியர் அந்த அச்சமின்றி உறங்கலாம். ஆனால் இன்று அரசின் பணியைச் செய்வோர் எல்லாரும் கருவூலத்திலிருந்து ஊதியம் பெறுவோர் அல்லர். திட்டப் பணியாளர், தொகுப்பூதியப் பணியாளர், ஒப்பந்த முகமை வழி வந்தோர் எனப் பல பெயர்களில் இலட்சக்கணக்கானோர் இருக்கின்றனர். தில்லியிலிருந்து ஒரு தவணை, மாநிலத்திலிருந்து ஒரு பங்கு, இடையில் ஒரு சங்கமோ முகமையோ என்று பல மதகுகளைக் கடந்து அவர்களுக்குப் பணம் வருகிறது. ஒரு மதகு அடைபட்டாலும் போதும்.

2019 பிப்ரவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் ஏறத்தாழ 1,76,000 ஊழியருக்கு உரிய நாளில் ஊதியம் வரவில்லை. 2000இல் நிறுவனம் தோன்றியதிலிருந்து அதுவே முதல் முறை. மார்ச் நடுவில் வந்துவிட்டது. ஆனால் அதே நிறுவனத்துக்காகக் கம்பி இழுத்தும் காவல் காத்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் பல மாதங்கள் காத்திருந்தனர். அடுத்த ஜனவரி 31 அன்று 78,569 பேர் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். 2024இல் மற்றொன்று. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷாவில் நடுவண் அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. பி.எம். ஸ்ரீ பள்ளிகள் குறித்த கருத்து வேறுபாட்டில் அவ்வாண்டுக்குரிய நடுவண் பங்கு தமிழகத்துக்கு விடுவிக்கப்படவில்லை. அத்திட்டத்தின் ஊழியர்களுக்குச் செப்டம்பர் ஊதியம் உரிய நாளில் கிடைக்கவில்லை. மாநில அரசு தன் நிதியிலிருந்து வழங்க முன்வந்தது. வழக்கு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சென்றது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. அரசுப் பள்ளிகளின் பகுதிநேர ஆசிரியர்களுக்கோ, 2012இல் பணியமர்த்தப்பட்ட நாள் முதல் பல்லாண்டுகள் மே மாத ஊதியமே இருந்ததில்லை. ஆண்டுதோறும் ஒரு ஃபர்லோ; பெயர் மட்டும் கோடை விடுமுறை.

நம் பங்கில் ஒரு சகோதரி இருக்கிறார். அரசுத் திட்டமொன்றில் வீடுவீடாகச் செல்லும் களப்பணி. எத்திட்டம் என்பது வேண்டாம். ஒருமுறை மூன்று மாதங்கள் அவருக்குத் தொகுப்பூதியம் வரவில்லை. நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லாததால் பணிக்குச் செல்வது மட்டும் நிற்கவில்லை. சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. ஒரு நாள் மாலைத் திருப்பலி முடிந்து எல்லாரும் சென்ற பின்னும் அவர் அமர்ந்திருந்தார். பணத்தைப் பற்றிப் பேசுவார் என்றே எதிர்பார்த்தோம்.

"பணம் வராததைக்கூடத் தாங்கிக்கொள்வேன் ஃபாதர். இந்த வாரம் வரும், அடுத்த வாரம் வரும் என்று ஆபீசில் சொன்னார்கள். அதை நம்பி மளிகைக் கடையில் அப்படியே சொன்னேன், குழுவில் சொன்னேன், மாமியாரிடம் சொன்னேன். ஒவ்வொரு தேதியும் பொய்யாகப் போயிற்று. இப்போது தெருவே என்னைப் பொய்க்காரியாகப் பார்க்கிறது."

பூந்தமல்லிக் குருமடத்தில் நாம் பயின்றபோது, நியாயமான ஊதியம் பற்றி நிறையவே கற்றோம். 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலின் நூற்றாண்டு 1991இல் வந்தது. குடும்பத்தைத் தாங்கும் கூலி எவ்வளவு என்று வகுப்பில் வாதிட்டோம். எல்லாம் அளவைப் பற்றிய வாதங்கள். அந்தச் சகோதரி எழுந்து சென்றபின் இணைச்சட்ட நூலைப் புரட்டினோம். ஏழைக் கூலியாளைப் பற்றி 24ஆம் அதிகாரம் இடும் கட்டளையில் தொகை பற்றி ஒரு சொல்லும் இல்லை. கதிரவன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்னும் நேரம் மட்டுமே இருக்கிறது. அவன் அதை நம்பியிருக்கிறான் என்பதே அதற்குக் காட்டப்படும் காரணம். அவன் நம்புவது மட்டுமா? அவனை நம்பிக் கடைக்காரரும், அவரை நம்பி மொத்த வியாபாரியும் இருக்கிறார்கள். அலுவலகம் சொன்ன தேதி தவறும்போது, அந்தப் பொய் ஊழியரின் வாயிலிருந்தே ஊருக்குள் செல்கிறது.

திட்டப் பணிகளின் ஆணை பெரும்பாலும் மார்ச் 31உடன் முடிவடையும். அடுத்த ஆண்டுக்கான நிதியும் ஆணையும் வந்துசேரக் கோடை கடந்துவிடலாம். எனவே பிப்ரவரியிலேயே இக்குடும்பங்களைக் கூட்டிப் பேசுவது என்று அன்பியப் பொறுப்பாளரோடு முடிவு செய்தோம். 'ஊதியமின்றி வாடுவோருக்கான கூட்டம்' என்று முதலாண்டு அறிவிக்கப்பட்டது. நான்கு பெண்கள் வந்தனர், ஆண் ஒருவரும் இல்லை. மறு ஆண்டு 'மார்ச் கணக்கு' என்று பெயர் மாற்றியதும் மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. வாடுவோர் என்று எவர்தான் தம்மை எழுதிக்கொள்வார்?

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் அன்று பேசினார். தவணை தவறிய பின் வங்கிக்குப் போவதற்கும் தவறுமுன் மடலோடு போவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னார். பணியாணை, வருகைப் பதிவு, ஊதியச் சீட்டு ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்கவேண்டும் என்றார். வருங்கால வைப்புநிதிக்குப் பிடித்த தொகை உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்க்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டு பேர் முகம் வாடிற்று. நிரந்தர ஊழியருக்குச் சிக்கன நாணயச் சங்கம் உண்டு, பண்டிகை முன்பணம் உண்டு. இவர்களுக்கு இரண்டும் இல்லை. ஆகவே பழைய பிடி அரிசி வழக்கத்தை நம் அன்பியங்கள் மீண்டும் தொடங்கின. அது பெரிய தீர்வு என்று நாம் கருதவில்லை. ஒரு மாத உலைக்கு அது உதவும்; கல்லூரிக் கட்டணத்துக்கு உதவாது.

அன்றைய பொழுதின் சிறந்த பகுதி மளிகைக் கடைக்காரர் ஒருவருடையது. அவர் நம் சபையினர் அல்லர், அழைத்தோம், வந்தார். "நாளைக்கு, நாளைக்குன்னு சொல்றவங்கள பாத்தாதான் எனக்கு பயம். 'ரெண்டு மாசம் ஆகும்ணே, எப்போன்னு எனக்கே தெரியாது, அதுவரைக்கும் மாசம் ஐந்நூறு தரேன்'னு சொன்னா நான் நோட்டை மூடவே மாட்டேன்" என்றார். பின்வரிசையிலிருந்து அந்தச் சகோதரி அதை எழுதிக்கொண்டார். 'தெரியாது' என்று சொல்வதற்குப் பயிற்சி தேவைப்படும் என்று நாம் நினைத்ததில்லை. அன்று இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் கடைக்காரராகவும் மற்றவர் வாடிக்கையாளராகவும் சொல்லிப் பார்த்தார்கள். சிரிப்பும் எழுந்தது, ஓரிருவர் பாதியில் பேச முடியாமல் நிறுத்தினார்கள்.

எல்லாரும் கலையும் வேளையில் ஒருவர் தயங்கி நின்றார். அவர் நிரந்தர அரசு ஊழியர். தம் அலுவலகத்தில் பன்னிரண்டு ஒப்பந்தப் பணியாளரின் மேற்பார்வை அவருடையது. "அடுத்த தவணைக்கான நிதி ஆணை இன்னும் வரலை ஃபாதர். எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. மேலிடம் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?" என்றார். அவருடைய வேலைக்கு ஊறு வருமோ என்று நாமும் எண்ணிப் பார்த்தோம். கோப்பைக் காட்ட வேண்டாம். எவரையும் குறைகூற வேண்டாம். ஆணை வரவில்லை, ஏப்ரல் ஊதியத்தை நம்பி எவருக்கும் தேதி சொல்லிவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லலாமே என்றோம். அவர் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மார்ச் இரண்டாம் வாரம் மீண்டும் வந்தார். உணவு இடைவேளையில் தாழ்வாரத்தில் எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டாராம். இருவர் அவரிடமே சத்தம் போட்டிருக்கிறார்கள். முன்பே ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மற்றொருவர் ஒன்றும் பேசாமல் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தவணைத் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்பதற்காக நேரே வங்கிக்குச் சென்றிருக்கிறார்.