காற்று விழுந்த இரவுகள்

காற்று விழுந்து வடகடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும் இரவுகளில் எங்கள் வீட்டு ரேடியோவில் இலங்கை வந்துவிடும். முள்ளை ஒரு நூல் நகர்த்தினால் போதும். அதுவரை மேற்கேயிருந்து கோடைப் பண்பலை 100.5 பாடிக்கொண்டிருந்திருக்கும். அது மெல்லக் கரகரத்து ஒதுங்கும். கிழக்கேயிருந்து ஒரு பெண்குரல், யாரோ பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல அத்தனை தெளிவாக, அவர்கள் ஊர்த் தமிழில் நேரம் சொல்லும். வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் அப்பா தலை நிமிராமல் சொல்வார்: "காத்து விழுந்துருச்சு. அக்கரை பேசுது."

அப்பத்தா கதவைத் திறந்து வெளியே கை நீட்டிப் பார்ப்பாள். வேப்பிலை ஒன்றுகூட அசையாது.

தங்கச்சிமடத்தில் எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். பாம்பன் தீவுக்கு வடக்கே வடகடல், தெற்கே தென்கடல்; எங்களுக்கு இரண்டுமே வாசல். வானலைக்கும் அப்படித்தான் இரண்டு வாசல் இருந்தன. இதை அப்போது நான் இப்படி நினைத்ததில்லை. கூரைக்கு மேலே நின்ற ஆண்டெனாக் கம்பத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பது வீட்டில் அன்றாடம் நடந்த வழக்கு, அவ்வளவுதான்.

முதலில் அது தென்கிழக்கு பார்த்துத்தான் நின்றது. 1982 பிப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபோது எங்கள் கரையோரத்தில் பல வீடுகளுக்கு முதல் தொலைக்காட்சி அதுதான். சென்னை எட்டாத தொலைவில் இருந்தது. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலவின் உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில், அவர்களுடைய கோபுரம் நின்றது. எங்கள் தெருவில் இருந்த ஒரே டிவியின் முன்னால் சிறுவர்கள் வரிசையாக உட்கார்ந்து புரியாத சிங்களத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். சில மாலைகளில் படம் அச்சடித்ததுபோல் விழும். சில மாலைகளில் வெறும் புள்ளிகள். கூரைமேல் நிற்பவர், "இப்பத் தெரியுதா?" என்று கத்த, கீழே உள்ளவர்கள் ஒரே குரலில் "போச்சு, போச்சு, அங்கயே நிப்பாட்டு!" என்று கத்துவோம்.

தொண்ணூறுகளில் கோடைக்கானலின் பண்பலை வந்த பிறகு, சித்தப்பா ரேடியோவுக்கென்று தனியாக ஓர் ஆண்டெனா கட்டினார். அவர் மண்டபத்தில் ஒரு ரேடியோ கடையில் கையாளாக இருந்து தொழில் கற்றவர். பண்பலையின் ஓர் அலை ஏறக்குறைய 3 மீட்டர் நீளம். அதில் பாதி நீளத்துக்குக் கம்பி இருந்தால் அந்த அலை அதில் வந்து உட்காரும் என்பது அவருடைய கணக்கு. அலுமினியக் குழாயை 1.4 மீட்டருக்குச் சற்று மேலாக அளந்து அறுத்தார். அதற்குப் பின்னால் கொஞ்சம் நீளமான ஒன்று, முன்னால் கொஞ்சம் குட்டையான இரண்டு. பட்டை வயரை ஜன்னல் வழியாக இறக்கி ரேடியோவில் முறுக்கினார். ஜி.ஐ. பைப்பை மூன்று பக்கமும் ஸ்டே கம்பி போட்டு இழுத்துக் கட்டி, மேற்கே, சற்று வடக்காகத் திருப்பினார். என்னைப் படியில் உட்காரவைத்துவிட்டு முள்ளை நகர்த்தினார். மலை பேசியது.

அந்தச் சாயங்காலத்தை நான் மறக்கவே முடியாது. நான் அதுவரை மலையைப் பார்த்ததில்லை. எங்கள் தீவில் உயரம் என்றால் கந்தமாதன பர்வதம். அது ஒரு மணல்மேடு. எங்கோ குளிரில், யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு கட்டடத்திலிருந்து ஒருவர் பேசுவது, உப்புக்காற்றில் துருப்பிடித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்குள் வந்து விழுந்தது.

பிறகு படிக்கும் காலத்தில்தான் அது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கிய வரவு என்று விளங்கியது. பண்பலை நேராகப் போகும் அலை. மத்திய அலையைப்போலத் தரையைத் தழுவியோ, சிற்றலையைப்போல வானத்தில் மோதித் திரும்பியோ வெகுதூரம் வராது. கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு எல்லை. கோடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், ஒலிபரப்பியின் திறன் 10 கிலோவாட். அந்த உயரத்திலிருந்து பூமி வளைந்து மறைக்கும்வரை அலை ஏறக்குறைய 190 கிலோமீட்டர் போகும். சமவெளியில் ஒரு நகரத்து நிலையம் 50, 60 கிலோமீட்டரில் மூச்சுவாங்கும்போது, இந்த ஒரு மலை திண்டுக்கல், மதுரை, தேனி, கரூர், சிவகங்கை என்று மாவட்டங்கள் பலவற்றைத் தன் நிழலுக்குள் வைத்திருந்தது. ராமநாதபுரம் அந்த வட்டத்துக்கு உள்ளே. தங்கச்சிமடம் நேர்கோட்டில் 220 கிலோமீட்டர் தள்ளி, வட்டத்துக்குச் சற்று வெளியே. சித்தப்பா கூரைமேல் ஏற்றிய அந்த முப்பதடிப் பைப்பால் விளிம்புக்குக் கொஞ்சம் பக்கத்தில் போனோம். மிச்ச தூரத்தைக் காற்று கொண்டுவந்து சேர்த்தது.

அந்தக் காற்றின் வேலையும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பகலில் நிலத்தில் சூடேறிய உலர்ந்த காற்று சாயங்காலம் கடலின் குளிர்ந்த ஈரக்காற்றின் மேல் போர்வைபோலப் படியும். அந்த இரண்டுக்கும் இடையே சிக்கிய அலை மேலே தப்பிப் போகாமல் கடலை ஒட்டியே வளைந்து, ஒரு குழாய்க்குள் ஓடுவதுபோல ஓடும். பெருங்காற்று அடித்தால் போர்வை கிழிந்துவிடும். காற்று விழுந்தால் நிலைக்கும். வடகிழக்குப் பருவம் ஓய்ந்து, மேற்குக் காற்றான கச்சான் இன்னும் பிடிக்காத மாதங்களில்தான் அக்கரை அடிக்கடி பேசியது. அப்பாவும் அப்பத்தாவும் பள்ளிக்கூடம் போகாமல் அறிந்துவைத்திருந்தது இதைத்தான்.

அப்பா கடலுக்கும் ஒரு சின்ன ரேடியோவைப் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துப்போவார். நாட்டுப்படகில் வடக்கே போகப்போகக் கோடை மெலியும். இலங்கையின் சூரியன், சக்தி பண்பலைகள் கனக்கும். "அவங்க சத்தம் ரொம்பக் கனமா வந்தா நான் திருப்பிருவேன்" என்பார். அதை நம்பி எல்லையைக் கணிக்க முடியாது. கடல் வழுவழுவென்று கிடக்கும் இரவில் அக்கரை எங்கள் அடுப்படியிலேயே கனமாகக் கேட்குமே. அவருக்கும் அது தெரியும். ஆனாலும் 1974-இல் இரு நாடுகளும் தாள்மேல் போட்ட எல்லைக் கோட்டுக்குக் கடலில் ஓர் அடையாளமும் இல்லாதபோது, காதில் விழும் ஒரு மாற்றம் அவருக்குத் துணையாக இருந்தது.

திரும்பி வருவதற்கு வேறு அடையாளம் வந்திருந்தது. தாத்தா காலத்தில் ராமேஸ்வரம் கோவிலின் கிழக்குக் கோபுரமும் பாம்பன் வெளிச்சவீடும். எங்கள் காலத்தில் ராமேஸ்வரம் டிவி டவர். 323 மீட்டர். அடியில் பருத்த கான்கிரீட் உருளை, அதன் மேல் இரும்புச் சட்டம். அது எழுந்துகொண்டிருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒவ்வொரு நாளும் நின்று பார்ப்போம். அதன் சிவப்பு விளக்கு முதன்முதலாக எரிந்த பிறகு அப்பத்தா திசை சொல்வதையே மாற்றிக்கொண்டாள். "லைட்டுக்கு இந்தப் பக்கம், லைட்டுக்கு அந்தப் பக்கம்" என்பாள்.

கோபுரம் என்றதும் அந்த அக்காவின் நினைவு வருகிறது. 1990-இல் மறுபடி போர் மூண்டு, அக்கரையிலிருந்து படகு படகாக மக்கள் வந்திறங்கிய நேரம். மண்டபம் முகாமில் இருந்த ஒரு கிளிநொச்சி அக்கா, கருவாடு காயவைக்கும் வேலைக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். அப்போது பண்பலை இல்லை. மத்திய அலையில் இலங்கை வானொலி. செய்தி நேரம் நெருங்கினால் அவர் கை தானாக நின்றுவிடும். "தங்கச்சி, ஒருக்கா ரேடியோவைப் போடுங்கோவன்" என்று அம்மாவைக் கேட்பார். ஒருநாள், எங்கள் ஊர் ஆண்டெனாக்களைப் பார்த்துவிட்டு, "எங்கட பக்கத்திலயும் பெரிய கோபுரம் ஒண்டு நிண்டது, கொக்காவில்ல. இப்ப அது இல்லையாம்" என்றார். அவர் வீட்டைப் பற்றி, விட்டுவந்த மாடுகளைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். அழுததில்லை. அன்றைக்கு அந்தக் கோபுரத்தைச் சொல்லும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அது தெரிந்தால் வீடு வந்துவிட்ட மாதிரி இருக்குமாம்.

கொக்காவிலில் 2011-இல் மறுபடி கோபுரம் எழுந்தது, 174 மீட்டர் உயரத்தில். செய்தியில் படித்தபோது அந்த அக்காவைத்தான் நினைத்தேன். அவர் ஊர் திரும்பினாரா, அந்தப் பாதையில் பஸ்ஸில் போனாரா, எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பின் எல்லாம் வேகமாகப் போனது. மதுரையில் தனியார் பண்பலைகள் வந்தன. கேபிள் வந்தது, டிஷ் வந்தது. கூரைகளிலிருந்து கம்பங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. 2020-களின் தொடக்கத்தில் நாடு முழுக்கத் தரைவழி டிவி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியபோது எங்கள் தெருவில் அதைக் கவனிக்க ஓர் ஆண்டெனாகூட மிச்சமில்லை. சித்தப்பாவின் அலுமினியக் கம்பிகள் உப்பு அரித்து வெளுத்துப் போயிருந்தன. பைப்பை மட்டும் கொடிகட்ட வைத்துக்கொண்டோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இழந்தது மட்டுமே கதை இல்லை. 2016 ஆகஸ்ட் 15 முதல் பாம்பனிலேயே கடல் ஓசை 90.4 ஒலிக்கிறது, மீனவர்களுக்கென்றே. சமுதாய வானொலி என்பதால் ஆண்டெனா 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, திறனும் சொற்பம். எங்கள் காற்றை, எங்கள் கடலை, எங்கள் பேச்சில் சொல்கிறார்கள். நாங்கள் மலைக்கும் அக்கரைக்கும் காது கொடுத்தே வளர்ந்தோம். எங்களுக்கு யாரும் காது கொடுத்ததில்லை. அந்தச் சின்னக் கோபுரத்தை நான் ராமேஸ்வரம் டவரைவிட உயரமாகவே நினைக்கிறேன். ஆனால் படகு கரையை விட்டு வெகுதூரம் போனால் அது கேட்காது. தூரம் போகிறவனுக்குக் கேட்ட குரல் மலையினுடையது.

அப்பாவின் கடைசி இரண்டு வருடங்கள் கட்டிலில்தான் கழிந்தன. தலைமாட்டில் அந்தப் பழைய ரேடியோ. முள் ஓடும் கண்ணாடியில் அம்மாவின் நகப்பூச்சை எடுத்து அவர் எப்போதோ வைத்த இரண்டு சிவப்புப் பொட்டுகள்: ஒன்று கோடை, மற்றது அக்கரை. கூரையில் ஆண்டெனா இல்லாததால் வெறும் இரைச்சல்தான் வரும். என் தங்கை கைப்பேசியில் இணையம் வழியாக அதே கோடைப் பண்பலையைச் சொட்டு இரைச்சலில்லாமல் வைத்துக் கொடுத்தாள். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ரேடியோவைக் காட்டி, "அதப் போடு" என்றார்.

"அதுல ஒண்ணும் கேக்கலையேப்பா."

"வெளிய காத்து எப்பிடி இருக்குன்னு பாத்துட்டு வா."

நான் வாசலுக்குப் போய் நின்றேன். கச்சான் பலமாக அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்து சொன்னேன். சரி என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். ரேடியோவை நிறுத்தச் சொல்லவில்லை.