தோளுக்கு ஐஸா? ஒத்தடமா?

நம் வீடுகளில் எந்த வலிக்கும் முதல் வைத்தியம் ஒத்தடம்தான். கல் உப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, நாம் "சுடுது, சுடுது" என்று அலற அலற வைப்பார்கள். ஐஸ் என்பது ஜூஸ் கடைச் சமாச்சாரம். அதை உடம்பில் வைத்தால் சளி பிடிக்கும், ரத்தம் கட்டிக்கும்!

இந்தச் சட்டம் எனக்குச் சோதனையாக வந்தது, ஃபிட்டிங் பிராக்டிகலுக்கு 23 நாள் இருக்கும்போது. வாலிபால் ஆட்டத்தில் பந்துக்குப் பாய்ந்து, வலது தோள் தரையில் மோத விழுந்தேன். கையைத் தூக்க முடியவில்லை. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "எலும்பு முறியல, மூட்டு விலகல, தசைதான் அடி வாங்கியிருக்கு" என்றார். நிம்மதிதான். ஆனால் அரத்தைப் பிடித்து இரும்பை ராவ தோள் வேண்டாமா? அரியர் விழுந்தால் இன்டர்வியூவில் உட்கார முடியாது. என் படிப்புக்கு வாங்கிய கடனோ வீட்டில் வட்டி போட்டுக்கொண்டிருந்தது.

சேதி கேட்டு அம்மா உப்பு முடிச்சோடு பஸ் ஏறி வந்துவிட்டார். பிசியோதெரபி அக்காதான் தடுத்தார். "இப்ப வேணாம்மா. உள்ளே ரத்தம் கசிஞ்சு வீங்கிக்கிட்டு இருக்கு. சூடு வச்சா ரத்தக் குழாய் விரிஞ்சு வீக்கம் கூடும். ரெண்டு நாள் ஐஸ் வைக்கட்டும். வீக்கம் வடிஞ்சதும் உங்க உப்பை வைங்க." 'இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்' என்று அம்மாவின் முகம் சொன்னது. ஆனாலும் 'உங்க உப்பை வைங்க' என்றதில் சமாதானமாகிவிட்டார்.

ஹாஸ்டலில் ஃப்ரிட்ஜ் ஏது? ஜூஸ் கடை அண்ணன் ஐஸ் கொடுத்தார். சுத்தியலால் உடைத்து, ஈரத் துண்டில் சுற்றி, 15 முதல் 20 நிமிஷம். பிறகு இரண்டு, மூன்று மணி நேரம் இடைவெளி. இங்கேதான் முதலாமாண்டு இயற்பியல் உதவிக்கு வந்தது. ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற ஒரு கலோரி போதும். ஒரு கிராம் ஐஸ் வெறுமனே உருகவே 80 கலோரி வேண்டும். அதனால்தான் பச்சைத் தண்ணீர்த் துணியை விட உருகும் ஐஸ் வெப்பத்தை அப்படி உறிஞ்சுகிறது. வெறும் தோலில் நேராக வைத்தால் தோலே புண்ணாகிவிடும், ஜாக்கிரதை! மரத்துப் போனால் எடுத்துவிட வேண்டும்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, உயர்த்தி வை என்ற நான்கையும் ஆங்கில முதலெழுத்துகளால் கோத்து 'ரைஸ்' என்று 1978-ல் பெயர் வைத்தவர் கேப் மிர்க்கின் என்ற அமெரிக்க டாக்டர். (நமக்கு ரைஸ் என்றால் மெஸ் ஞாபகம்தான் வரும்!) அதே மிர்க்கின் 2014-ல், 'ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம்' என்று தாமே மாற்றி எழுதினார். வீக்கம் என்பது உடம்பு தன்னைத்தானே ரிப்பேர் பார்க்கும் வேலையின் ஆரம்பமாம். எனக்கு ஐஸ் அந்த இரண்டு ராத்திரி தூக்கத்தைக் கொடுத்தது. அதற்கு மேல் அதனிடம் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நாலாம் நாள் வீக்கம் வடிந்து தோள் இறுகிப் போயிருந்தது. இப்போது அம்மாவின் ஆட்சி! 15 நிமிஷம் உப்பு ஒத்தடம். உடனே அக்கா சொன்ன பயிற்சி: குனிந்து, இடது கையை மேசையில் ஊன்றி, வலது கையைத் தொங்கவிட்டு பெண்டுலம் மாதிரி ஆட்டுவது. "ஐஸும் சூடும் வலியைக் குறைக்கத்தான் தம்பி. வலி குறையுற நேரத்துல கையை அசைச்சாதான் கை உனக்கு" என்றார். தோள் மூட்டு ஆழமான கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து அல்ல, தட்டில் வைத்த பந்து. நான்கு தசைகள் சுற்றிப் பிடித்திருப்பதால்தான் நிற்கிறது. பயந்து அசைக்காமலே வைத்திருந்தால் இறுகிவிடும். பூட்டிப் போட்ட வைஸ் துருப்பிடிப்பது போலத்தான்.

இப்போதெல்லாம் ஹாஸ்டலில் அடிபட்டவன் முதலில் என் ரூமுக்குத்தான் வருகிறான். தோளின் வடிவமே மாறியிருந்தாலோ, விரல் மரத்திருந்தாலோ ஐஸும் கிடையாது, உப்பும் கிடையாது. நேரே ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன்.

பிராக்டிகலில் எனக்கு வந்தது வீ ஜாயின்ட். கடைசி அரைமணியில் தோள் கெஞ்சியது. நிறுத்தி நிறுத்தி ராவினேன். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் இரண்டு துண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மெல்லிசாக ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. 'ம்' என்று சொல்லி மார்க் போட்டார்.