அம்மம்மாவுக்கு எந்த வோக்கர்?

எங்கள் வீட்டில் ஒரு மாதமாக நடந்த பெரிய விவாதம் தேர்தலைப் பற்றியதல்ல, வோக்கரைப் பற்றியது. அம்மம்மாவுக்கு 82 வயது. தை மாதம் கிணற்றடியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவ. ஆஸ்பத்திரியில் நடக்கப் பழக்கினது அவர்களுடைய வோக்கரில். அது வீட்டுக்கு வராதுதானே. நாங்கள்தான் ஒன்று வாங்க வேண்டும்.

உடனே கனடா மாமா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். நாலு சில்லு, சைக்கிளில் இருப்பதுபோல் கைப்பிறேக், களைத்தால் இருக்க ஒரு சின்ன இருக்கை, முன்னுக்கு ஒரு கூடை. "இங்க வயசுபோனவை எல்லாரும் இதோடதான் மோலுக்குப் போகினம். காசு நான் அனுப்புறன்" என்று ஒரு வொய்ஸும் வந்தது. அதற்கு ரோலேட்டர் என்று பெயர். சுவீடனைச் சேர்ந்த ஐனா விஃபால்க் என்ற பெண் 1978இல் வடிவமைத்தது. அவவுக்கே 21 வயதில் போலியோ வந்து நடை பாதிக்கப்பட்டிருந்தது. தன் உடம்பில் பட்டதை வைத்து யோசித்த ஒருவர் செய்த சாமான் என்பதால் எனக்கு அதில் ஒரு தனி மரியாதை.

ஆனால் அது கல்லும் மண்ணும் இல்லாத நடைபாதைக்குச் சரி. எங்கள் முற்றத்துக் குருமணலில் சில்லு புதையும். அதைவிடப் பெரிய சிக்கல், ரோலேட்டர் சமநிலைக்கு உதவுமே தவிர, உடம்பின் பாரத்தை அதில் போட முடியாது. சாய்ந்தால் முன்னுக்கு ஓடிவிடும். பிறேக்கை இறுக்கிப் பிடிக்க விரலில் பலம் வேண்டும். அம்மம்மாவின் விரல்கள் வாதத்தில் வளைந்துபோய்க் கிடக்கின்றன.

அண்ணா நேரெதிர்க் கட்சி. "சில்லே வேண்டாம், சாதாரண அலுமினிய வோக்கர் காணும். விலையும் குறைவு." நாலு காலிலும் றப்பர் போட்ட அது அசையாமல் நிற்கும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு எட்டுக்கும் அதைத் தூக்கித் தூக்கி முன்னுக்கு வைக்க வேண்டும். தூக்குகிற அந்த ஒரு கணம் கையில் பிடிமானமே இல்லை. அம்மம்மாவுக்கு வலது தோள் முன்பே நோ. விறாந்தையின் பாதித் தூரத்திலேயே மூச்சு வாங்கும்.

பிசியோ அக்காதான் நடுவழி ஒன்றைச் சொன்னா. முன் இரண்டு காலிலும் சில்லு, பின் இரண்டிலும் றப்பர். தள்ளினால் நகரும், அழுத்தினால் நிற்கும். "ஆனா கடைக்குப் போக முதல் வீட்டை அளவுங்கோ" என்றா. யாராவது வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஒரு வசனத்தையாவது ஞாபகம் வைத்திருங்கள். ஏனென்றால் எங்களுடையது பழைய வீடு. இரட்டைக் கதவு, அதில் ஒரு பக்கம் எப்போதும் பூட்டித்தான் இருக்கும். வோக்கரின் அகலம் கிட்டத்தட்ட 60 சென்ரிமீற்றர். ஒரு கதவால் அது போகாது. குசினி வாசலில் நிலைப்படி வேறு. அளவுநாடாவோடு வீட்டைச் சுற்றியபோதுதான், நான் பிறந்து வளர்ந்த வீடு எத்தனை தடங்கல்களால் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது.

உயரம் இன்னொரு கதை. கடைக்காரத் தம்பி தன் உயரத்துக்கு வைத்துத் தள்ளிக் காட்டினார், வடிவாய்த்தான் ஓடியது. அம்மம்மாவின் அளவு வேறு. வழமையாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பு வரும் இடத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். பிடித்தால் முழங்கை சற்று மடியும். அதிகம் உயர்ந்தால் தோள் தூக்கும், பதிந்தால் முதுகு கூனும். பிறகு பழக வேண்டிய ஒழுங்கு: முதலில் வோக்கர், பிறகு நோக்கால், பிறகு நல்ல கால். கதிரையில் இருந்து எழும்பும்போது வோக்கரைப் பிடித்து இழுக்கவே கூடாது, அது கவிழும். கதிரைக் கையை ஊன்றி எழும்பிவிட்டுத்தான் வோக்கரைப் பிடிக்க வேண்டும். இதை நாங்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கத்துகிறோம்.

இவ்வளவு கதைக்குள்ளும் அம்மம்மா வாய் திறக்கவில்லை. அவவுக்கு ஒன்றும் வேண்டாமாம். பிளாஸ்ரிக் கதிரையைத் தள்ளிக்கொண்டு நடந்தா. கதிரை தள்ளினால் 'கொஞ்சம் ஏலாது' என்று அர்த்தம், வோக்கர் பிடித்தால் 'முடிஞ்சுது' என்று அர்த்தம் என்பது அவவின் கணக்கு. ஒருநாள் இரவு நுளம்புவலை கட்டும்போது மெல்லக் கேட்டா, "பிள்ளை, அதைக் கொண்டு வைரவர் கோயிலடிக்குப் போகலாமோ?"

அப்போதுதான் விளங்கியது. நாங்கள் எல்லோரும் அறையில் இருந்து கக்கூஸுக்குப் போக ஒரு சாமான் தேடிக்கொண்டிருந்தோம். அவ ஒழுங்கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தா.

ஒழுங்கை என்றால் வீட்டுக்கு வெளியே உள்ள உலகம். அங்கே சட்டம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறது. பொதுக் கட்டடங்களுக்கு எல்லோரும் போய்வர வசதி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன, 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அம்மம்மா ஓய்வூதியம் எடுக்கும் இடத்தில் ஐந்து படி, கைபிடி இல்லை. பஸ்ஸின் முதல் படி என் முழங்கால் உயரம். வோக்கரால் படி ஏற ஏலாது. ஆகவே "எந்த வோக்கர் நல்லது?" என்பது பாதிக் கேள்விதான், எதன்மேல் தள்ளப் போகிறோம் என்பது மிச்சம்.

இரண்டு சில்லு வோக்கரையே வாங்கினோம். கடைக்கு அம்மம்மாவும் ஓட்டோவில் வந்தா. மூன்றைப் பிடித்துப் பார்த்து, கைப்பிடி மெத்தென்று இருந்ததைத் தானே தெரிவு செய்தா. முன்னுக்கு ஒரு துணிப்பையும் கட்டியாயிற்று. அதற்குள் தேவாரப் புத்தகம், வெற்றிலைப் பெட்டி, ரோர்ச். பக்கத்து வீட்டு மாமி வந்து தட்டிப் பார்த்து விலை கேட்டா, பிறகு தானும் பிடித்து இரண்டு எட்டு நடந்து பார்த்தா.

மாமாவின் காசு இப்போது வாசல் சாய்தளத்துக்குப் போகிறது. ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். எங்கள் இரண்டு படியும் சேர்ந்து ஒரு அடி, ஆகப் பன்னிரண்டு அடி. மேசன் நூல் பிடித்தபோது அது நேரே கனகாம்பரப் பாத்திக்கு மேலால் போனது. அம்மம்மா வோக்கரோடு விறாந்தை விளிம்புவரை வந்து, "தம்பி, என்ர பூக்கண்டில கை வையாதேங்கோ, அங்கால திருப்புங்கோ" என்று ஒரு கையை நீட்டிக் காட்டினா. "கையை எடுக்காதேங்கோ!" என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். மேசன் நூலைச் சுருட்டி மற்றப் பக்கம் பிடித்தார்.