மறைப்பும் அழிப்பும்

தட்டான் என்னும் சொல் பொற்கொல்லனைக் குறிப்பது. அச்சொல்லைத் தன் பெயரின் முன்னே கொண்டு விளங்கும் ஊர், புதுவை நகரின் தட்டாஞ்சாவடி. இன்று அவ்வூரில் தொழிற்பேட்டை ஒன்று உள்ளது. பொற்கொல்லன் தகட்டை வெட்டுமுன் பன்முறை எண்ணுவான். வெட்டிய தகட்டைப் பழையபடி ஆக்க வேண்டுமாயின் மீண்டும் உருக்க வேண்டும் அன்றோ?

கணிப்பொறியில் படம் வரைவோர்க்கு இவ்வச்சம் இல்லை. 2003 ஆம் ஆண்டில் தோன்றிய இங்க்ஸ்கேப் என்னும் வெக்டர் வரைகலை மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். கோடுகளையும் வளைவுகளையும் கணக்கால் குறித்து வைப்பதால், அதில் வரைந்த கோட்டுருவம் எத்துணைப் பெரிதாக்கினும் சிதையாது.

அச்சுத்தொழில் பயிலும் மாணவி ஒருத்தி, ‘புதுவை’ என்னும் எழுத்துகளுக்குள் கடலின் ஒளிப்படம் தோன்றுமாறு சுவரொட்டி அமைக்க விரும்புகிறாள் என்று கொள்வோம். ஒளிப்படத்தின்மேல் அவ்வெழுத்துகளை வைப்பாள். இரண்டையும் ஒருங்கே தேர்ந்தெடுப்பாள். பின்னர்க் ‘கிளிப்’ என்னும் கட்டளையை இடுவாள். அந்நொடியே எழுத்தின் எல்லைக்குப் புறம்பான கடலும் வானமும் மறையும். எல்லையோ கத்தியால் நறுக்கியதுபோல் கூர்மையாக நிற்கும்.

அலைகள் மெல்ல மெல்லத் தேய்ந்து தாளின் வெண்மையில் கரைதல் வேண்டுமாயின், ‘மாஸ்க்’ என்னும் முறையை நாடுதல் வேண்டும். கிளிப்புக்கு வடிவம் ஒன்றே கணக்கு. மேலுள்ள உருவத்தின் நிறத்தை அது பொருட்படுத்தாது. மாஸ்க்கோ நிறத்தின் ஒளியையும் நோக்கும். வெண்மை உள்ள இடத்தில் அடியிலுள்ள படம் முழுதும் தெரியும். கருமையில் முழுதும் மறையும். சாம்பல் நிறத்தில் அதன் அளவுக்கேற்ப மங்கித் தோன்றும். கருநிற எழுத்தை மாஸ்க்காக வைத்துவிட்டுப் படத்தையே காணாது திகைக்கும் புதியோர் உண்டு. எழுத்தை வெண்ணிறமாக்கினால் படம் மீண்டும் தோன்றும். 2001 ஆம் ஆண்டில் வெளியான எஸ்.வி.ஜி. என்னும் பொதுத்தரம் இவ்விரு முறைகளுக்கும் இடமளித்துள்ளது.

இவ்விரண்டிலும் மூலப்படம் அழிவதில்லை. விடுவிக்கும் கட்டளையை இட்டால், மறைந்த கடல் முழுதும் மீண்டு வரும். பிழை நேரினும் பொருள் வீணாகாது. ஆயினும், அந்நன்மைக்குள்ளேயே ஓர் இடரும் உறைகிறது. ஒருவர் தம் அடையாள அட்டையின் எண்ணைக் கிளிப்பால் மறைத்து, அக்கோப்பை அவ்வாறே பிறர்க்கு அனுப்புவாராயின், பெற்றவர் அம்மறைப்பை எளிதில் விலக்கி எண்ணைப் படித்தல் கூடும். ஆகவே, மறைவாய் இருக்க வேண்டியதை மூலப்படத்திலேயே நீக்குதல் வேண்டும். அன்றேல், கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் பி.என்.ஜி. படமாக மாற்றி அனுப்புதல் வேண்டும்.

மறைப்பது வேறு, அழிப்பது வேறு. பொற்கொல்லனின் வெட்டு மீளாதது. ஆதலின் அவன் வெட்டுமுன் எண்ணுகிறான். கணிப்பொறியின் வெட்டோ மீளக்கூடியது; ஆதலின் அதனைக் கையாள்வோர், பிறர் கையில் கொடுக்குமுன் எண்ணுதல் வேண்டும்.