கொல்லங்கோட்டில் ஒரு கள்ளுக்கடைச் சாப்பாடு

பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து நம் மாமனார் வந்திருந்தார். இளமையில் தென்னை ஏறிக் கள் இறக்கியவர். 1987 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகள் மூடப்பட்ட பின்னர், தேங்காய் பறிக்கும் கூலியாளாகவே காலங்கழித்தார். "பாளை சீவறத ஒருக்காப் பாக்கோணுங்க மாப்பிள்ளை" என்று கேட்டுக்கொண்டார். விடுமுறை நாளொன்றில் குடும்பத்துடன் பொள்ளாச்சி மார்க்கத்து ரயிலேறிக் கொல்லங்கோட்டில் இறங்கினோம்.

தெற்கே நெல்லியாம்பதி மலை சுவர்போல் நிற்கிறது. அதன் அடிவாரம்வரை வயலும் தென்னந்தோப்புமாக விரிந்த சித்தூர்த் தாலூக்கா இது. கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் இங்கிருந்துதான் பெருமளவு கள் போகிறது. தோப்பில் ஒருவர் மரத்தின்மேல் பாளையைத் தட்டிக்கொண்டிருந்தார். மாமனார் அண்ணாந்து வெகுநேரம் நின்றார். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் தெளுவு, தடவாவிட்டால் கள் என்று பேரனுக்கு விளக்கினார்.

இந்தத் தாலூக்காவின் ஒரு பகுதி முன்னர் கொச்சி இராஜ்ஜியத்தைச் சேர்ந்தது. கேரளத்தில் இன்றும் வழங்கும் அப்காரிச் சட்டம், கொல்லம் ஆண்டு 1077-இல் அந்தக் கொச்சியில் பிறந்ததே. 1967-இல்தான் அது மாநிலம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது.

மதியம் ஒரு கள்ளுக்கடையில் நுழைந்தோம். பெண்டு பிள்ளைகளுடன் போவதா என்று நாம் தயங்கியது மெய்தான். ஆனால் அங்கே குடும்பங்களுக்கெனத் தனியறை இருந்தது. மரவள்ளிக் கிழங்கும், குடம்புளியிட்ட மீன்கறியும் வந்தன. காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. நம் மனையாள் மறுபடியும் கேட்டு வாங்கினாள்! ஒரே கூரையின்கீழ் இரண்டு சட்டங்கள் நடப்பதை அங்கே கண்டோம். கலயத்திலுள்ளது கலால் துறையின் கண்காணிப்பில். சட்டியிலுள்ளது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ். 23 வயது நிரம்பாதவருக்குக் கள் தரலாகாது; கிழங்குக்கு வயது வரம்பில்லை. தமிழ்நாட்டு டாஸ்மாக்கிலும் இப்பிரிவினை உண்டு. புட்டியை அரசு நிறுவனம் விற்கிறது. மதுக்கூடத்துத் தின்பண்டத்தை ஏலதாரர் விற்கிறார்.

மாமனார் அரைக் கோப்பைதான் அருந்தினார். பிறகு ஒரு புட்டி கள் கேட்டார். ஊரில் படுத்த படுக்கையாயிருக்கும் தமையனாருக்காம், அவரும் மரமேறியவரே. இங்கே ஒருவர் ஒன்றரை லிட்டர்வரை வைத்திருக்கலாம். எல்லை தாண்டினால் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். அதிலும் நாம் ரயில்வே ஊழியர். மென்மையாகத்தான் சொன்னோம், ஆயினும் அவர் முகம் வாடிவிட்டது. "எங்க மரத்துல ஊறுனதுதானுங்களே" என்றார். நமக்குப் பதில் தோன்றவில்லை.

கடைக்காரர் நிலைமையறிந்து, மீன்கறியையும் கிழங்கையும் வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். அதற்கு எந்த எல்லையிலும் தடையில்லை. அன்று மாலை வண்டியிலேயே மாமனார் அதை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

இரவு தொலைபேசியில் அழைத்தார். தமையனார் முழுவதையும் சாப்பிட்டாராம். சாப்பிட்டுவிட்டு, "கள்ளு எங்கடா?" என்றாராம்.