நில்பனும் நாற்காலியும்

திருவனந்தபுரத்துக் குடியில் முதலில் கண்ணில் படுவது அதன் வேகம்தான். தம்பானூர், கிழக்கேகோட்டை பக்கத்துப் பழைய பார்களின் கீழ்த்தளத்தில் நீளமாக ஒரு கவுண்டர் இருக்கும். அலுவலகம் விட்டு வருகிறவர் விரலால் ஒரு சாடை காட்டுவார். அறுபது மில்லி லார்ஜ் வரும், கூடவே தண்ணீர், டச்சிங்ஸ் என்ற பெயரில் ஒரு நுள்ளு ஊறுகாய். அண்ணாந்தால் கிளாஸ் காலி. வாயைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார். நின்றபடியே முடிந்துவிடும் இந்தக் குடிக்கு ஊரில் ‘நில்பன்’ என்று பெயர். பக்கத்தில் நிற்பவர் யாரென்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எண்பதுகளின் கடைசியில் நாகர்கோவிலிலிருந்து பாளையம் யூனிவர்சிட்டி காலேஜில் படிக்கப் போனவன் நான். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை பாடம் நடத்திய கல்லூரி. அவர் காலத்தில் மகாராஜா கல்லூரி. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊரும் அந்தப் பக்கம்தான் இருந்தது என்பதால் தாத்தாவுக்கு அது ‘நம்ம காலேஜ்’. ஹாஸ்டலில் ஒரு சீனியர் சொல்லித் தந்த முதல் பாடம் இது: “எடே, பாருக்குள்ள பேசப்படாது. குடிச்சிட்டு வெளிய வா, ராத்திரி பூராப் பேசலாம்.”

வெளியே பேசத்தான் செய்தோம். தம்பானூர் பஸ் நிலையத்துக்கு எதிரே லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் நினைவுக்கு வருகிறது. செங்கல்லில் சுழன்று சுழன்று மேலேறும் கட்டடம். தரை சரிந்துகொண்டே போகும். அந்தச் சரிவிலும் சுவரோடு சேர்த்து மட்டமாகக் கட்டிவைத்த மேசையும் இருக்கையும். யாராலும் நாற்காலியை இழுத்துப்போட்டு நம்மைக் கிளப்ப முடியாது. விசிறித் தலைப்பாகை வைத்த சேட்டன் பீட்ரூட் கலந்த கட்லெட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனால் பிறகு திரும்பிப் பார்க்க மாட்டார். இந்த நகரத்தில் உட்காரவென்றே ஒருவர் யோசித்துக் கட்டிய இடம் அது. அங்கே கிடைத்ததோ காபி.

தமிழ்ப் பேச்சுக்கு வேறு இடங்கள் இருந்தன. சாலைத் தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவனைக் கடையிலேயே போய்ப் பார்க்கலாம். மஞ்சளும் மல்லியும் மூட்டை மூட்டையாய் இறங்கும் அந்தக் கடைவீதியின் சுமட்டுக்காரர்களையும் குடிகாரர்களையும் கதைக்குள் கொண்டுவந்தவர் அவர். கவடியார் பக்கம் நகுலன். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர், கடைசிவரை தனியாள். தமிழ்நாட்டிலிருந்து இளைஞர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வீட்டைத் தேடி வருவார்கள். அவர் கவிதையில் பிராந்திக் குப்பி வெற்றிலை பாக்கோடு இயல்பாக வந்து உட்காரும். குடிப்பதும் பேசுவதும் ஒரே இடத்தில் நடக்க இந்த ஊரில் ஒரு வீடு வேண்டியிருந்தது. வீடில்லாத மாணவர்களுக்குக் கவுண்டர்தான்.

கோவளத்தைச் சொல்லாமல் விட முடியாது. எழுபதுகளில் ஹிப்பிகள் வந்த கடற்கரை. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே வரிசையாகக் கடைகள், உரிமம் இல்லாதவை. பீர் கேட்டால் பீங்கான் தேநீர்க் குடுவையில் வரும், புட்டி மேசைக்கடியில் போய்விடும். போலீஸ்காரர் நடந்து போவார். வெள்ளைக்காரர் மரியாதையாகக் கோப்பையைத் தூக்குவார். குடிப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், சிரித்தார்கள், பெண்கள் கூட இருந்தார்கள். ஒரே ஒரு குடுவையை நாலு பேராகப் பகிர்ந்து அங்கே ஒரு சாயங்காலம் முழுக்கக் கிடந்தோம். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நகரத்துக்குள் அதே பீரை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் குடித்தோம்.

சட்டங்கள் வந்தன, போயின. 1987-இல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்ததும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் களியக்காவிளை தாண்டிப் பாறசாலைப் பக்கம் போய்க் கள் குடித்து வந்தார்கள். 1996 ஏப்ரலில் கேரள முதல்வர் ஏ.கே. ஆண்டனி அங்கே சாராயத்தை ஒழித்தார். பிறகு மாதத்தின் முதல் தேதி கேரளத்தில் மது கிடையாது என்று ஆனது. அன்றைக்கு எல்லையில் நடமாட்டம் எதிர்த்திசையில். 2014-இல் உம்மன் சாண்டி அரசு, முதலில் தரமில்லை என்று 418 பார்களின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. பிறகு ஐந்து நட்சத்திரம் தவிர மற்ற பார்கள் எல்லாவற்றையும் மூடுவது என்று முடிவெடுத்தது. உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் அதைச் செல்லும் என்றது. 2017-இல் அடுத்த அரசு மூன்று நட்சத்திரம்வரை திறந்துவிட்டது.

அந்த இடைவெளியில் நகரம் குடிக்காமல் இருந்துவிடவில்லை. அரசு மதுக்கடையான பெவ்கோவின் வாசலில் வரிசை நீண்டது, அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து, “ஷேர் உண்டோ?” என்பார். இரண்டு மூன்று பேர் காசு போட்டு ஓர் அரை வாங்குவார்கள். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட், ஏதாவது சுவரின் மறைவு. கால் மணி நேரத்தில் அந்தக் கூட்டணி கலையும், பெயர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். சட்டம் புட்டிகளை எண்ணியது, கடைகளை எண்ணியது, நட்சத்திரங்களையும் எண்ணியது. குடிக்கிறவன் எங்கே உட்காருவான் என்பது மட்டும் ஒரு கொள்கைக்கும் கேள்வியாகவில்லை.

உட்கார்ந்து குடிக்கிற ஊர்களும் உண்டு. அக்கா மகன் ஆஸ்திரேலியாவில் நியூகாசிலில் படிக்கிறான். அதுவும் கடலோரப் பல்கலைக்கழக ஊர். வெள்ளிக்கிழமை இரவு போனில் கூப்பிட்டால் பின்னால் பாட்டுச் சத்தம் கேட்கும். “மாமா, இங்க பப்புல சாப்பாடு, வினாடி வினா, கிரிக்கெட்டு, எல்லாம் உண்டு. புரொபசரே வருவாரு,” என்பான். அந்த ஊரும் ஒரு காலத்தில் அடிதடியில் மாட்டியதுதான். 2008-இல் நகர நடுவிலிருந்த 14 பப்புகளுக்கு இரவுக் கட்டுப்பாடு வந்தது. விடியவிடியத் திறந்திருந்தவை இரவு மூன்று, மூன்றரை மணிக்குள் மூட வேண்டியதாயிற்று. ஒரு நேரத்துக்குமேல் புது ஆளை உள்ளே விடக்கூடாது என்றும் ஆனது. அடிதடி மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்தது என்று ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள். கட்டுப்பாடே தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராதது இதனால்தான்.

ஆனால் அதே நாட்டில் அதற்கு முந்தைய கதை ஒன்று உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில், 1916 வாக்கில், நியூ சவுத் வேல்ஸ் உட்படப் பல மாகாணங்களில் பப்புகளை மாலை ஆறு மணிக்கே மூட வைத்தார்கள். வேலை ஐந்துக்கு விடும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. கூட்டம் கொள்ள மேசை நாற்காலிகளை வெளியே எடுத்துவிட்டார்கள். கழுவிவிட வசதியாகச் சுவரில் டைல்ஸ் ஒட்டினார்கள். பெண்களுக்கு அங்கே இடமில்லை. சிட்னிப் பக்கம் இது 1955 வரை நீடித்தது. பிரிஸ்பேனில் 1965-இல் மெர்ல் தார்ன்டன், ரோசலி போக்னர் என்ற இரண்டு பெண்கள் ஒரு பாரின் கால்கம்பியில் தங்களைச் சங்கிலியால் பூட்டிக்கொண்டு, எங்களுக்கும் ஊற்று என்றார்கள்.

இந்த ஆறு மணிக் கதையைப் படித்தபோது எனக்குத் தம்பானூர்க் கவுண்டர்தான் கண்முன் வந்தது. அதே நீளம், அதே நின்றபடி, அதே ஆண்கள். ஆனால் எங்களை ஆறு மணிக்கு யாரும் விரட்டவில்லை. பார் இரவு பதினொன்றுவரை திறந்தே இருந்தது. அங்கே கடிகாரம் செய்த வேலையை இங்கே வெட்கம் செய்தது. குடி கெட்டது என்று நம்புகிற ஊரில் கெட்டதைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். உட்கார்ந்து குடித்தால் குடிகாரன்; நின்றபடி விழுங்கிவிட்டுப் போனால் வேலைக்குப் போய்த் திரும்பும் குடும்பஸ்தன். குடித்த அளவு இரண்டிலும் ஒன்றேதான், சிலநாள் நிற்பவனுடையது கூடுதல்.

இரவில் உட்கார இடம் கேட்டு அடுத்த தலைமுறை வெளிப்படையாகவே வந்தது. வெள்ளையம்பலத்தில் ஆல்தறைப் பக்கமிருக்கும் சின்னத் தெரு மானவீயம் வீதி. 2023-இல் அதைப் புதுப்பித்து இரவு வாழ்க்கைக்கென்று விட்டார்கள். மது கிடையாது. கிதார், சாயா, ஓவியம், திண்ணைமேல் பெண்களும் பையன்களும். சில வாரங்களிலேயே ஓரிரு கைகலப்பு நடந்தது, போலீஸ் நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. சண்டை நிஜம், கட்டுப்பாடும் நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். இருந்தாலும், பேசுவதற்காக நடுராத்திரி உட்கார்ந்த பிள்ளைகளும் எங்களைப்போலவே எழுந்து போக வேண்டி வந்ததைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

எதிர்பார்க்காத இடத்தில் நாற்காலி வந்து சேர்ந்திருக்கிறது: கள்ளுஷாப்பில். கருப்பெழுத்துப் பலகையும் ஆடும் பெஞ்சுமாக இருந்த ஷாப்புகள் பலவற்றில் இப்போது குடும்ப அறை உண்டு. கப்பை, மீன்கறி, தாறாவு ரோஸ்ட் என்று சாப்பாட்டைச் சொல்லிப் பெண்களும் குழந்தைகளும் வருகிறார்கள். பாட்டி முன்னால் பேரன் கள் குடிக்கிறான், நிதானமாக. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

டிசம்பர் லீவுக்கு வருகிற மருமகன் பப்புக்குப் போவோமா என்கிறான். ஷாப்புக்குப் போவோம், உங்க அம்மையையும் கூட்டிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். அக்கா முதலில் சீ என்றாள். கப்பையும் மீனும் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்து, “அங்க எவ்வளவு நேரம் இருக்க விடுவான்?” என்று கேட்டாள்.

“கள்ளு புளிக்கிற வரைக்கும்,” என்றேன்.