இலட்சம் வோல்ட்

உலகத்துச் சிறுவர் கோடிக்கணக்கினர் அறிந்துள்ள மின்னடி ஒன்று உண்டு. ஆங்கிலம் வழங்குவோர் அதனைத் 'தண்டர்போல்ட்' என்பர். அது பிறந்த ஜப்பான் நாட்டிலோ அதன் பெயரில் இடியுமில்லை, மின்னலுமில்லை. 'ஜூமன் போருட்டோ' என்பதே பெயர். அந்நாட்டார் பதினாயிரத்தை 'மன்' என்று எண்ணுவராதலின், பத்து மன் வோல்ட் என்பது நம் கணக்கிற் சரியாக ஓரிலட்சம் வோல்ட் ஆகும். வருணனை ஒன்றுமின்றி, மளிகைக் கடைக்காரர் தராசில் எடைக்கல்லை வைப்பது போல ஓர் எண்ணை வைத்துவிட்ட அப்பெயர் எமக்கு மிகவும் உவப்பானது. ஆயினும் அவ்வெண்ணிலே ஒரு மயக்கம் உளது. அம்மயக்கம் தளி என்னும் எம் சிற்றூர்க் கேழ்வரகுக் கொல்லையில் வந்து நின்ற விதத்தைச் சொல்வதே எம் கருத்து.

இவ்விளையாட்டை அறியாத ஆசிரியப் பெருமக்கள் நம் வாசகருள் பலர் இருப்பர். அவர்பொருட்டுச் சிறிது கூறுகிறோம். 'போக்கிமான்' என்பது 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் நாள் ஜப்பானில் 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவிக்கென வெளிவந்த விளையாட்டு. அதனை இயற்றிய சத்தோஷி தஜிரி இளமையிற் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பேரார்வம் உடையவர். அவ்வார்வமே பிற்காலத்தில் விளையாட்டாக விளைந்தது. விளையாடுவோன் காட்டிலும் புதரிலும் திரிந்து விந்தைப் பிராணிகளைப் பிடித்து, அவற்றைப் பழக்கி, பிறருடைய பிராணிகளோடு பொருதுவிக்கிறான். சேவற்கட்டு அறிந்தவர்க்கு இது விளங்காதிராது. ஒவ்வொரு பிராணிக்கும் ஓர் இனம் உண்டு: தீயினம், நீரினம், பறவையினம், மின்னினம், தரையினம் என விரியும். மின்னினத்துள் தலைசிறந்தது பிக்காச்சு என்னும் மஞ்சள் நிற எலி. அதன் கன்னங்களிலே மின்சாரம் தேங்கி நிற்கும். சினந்தால் இலட்சம் வோல்ட்டாய்ப் பாயும்.

இம்மின்னடிக்கு இலக்கணமும் உண்டு. இதன் வலிமை முதலில் 95 என வகுக்கப்பட்டு, 2013இல் 90 ஆகக் குறைக்கப்பட்டது. குறி தவறுவது அரிது. பதினைந்து முறை வீசியபின் தீர்ந்துபோகும். பட்ட பிராணி பத்தில் ஒரு முறை மரத்துப்போய்த் தடுமாறும். நீரினத்தின்மீதும் பறவையினத்தின்மீதும் விழுந்தால் இருமடங்கு வருத்தும். தரையினத்தின்மீது விழுந்தாலோ ஒன்றுமே செய்யாது. இந்தக் கடைசி விதியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

திரையிலுள்ள மின்னல் திரையோடே நின்றுவிடும் என்று எண்ணுவது இயல்பு. அங்ஙனம் நில்லாத நாளும் ஒன்று இருந்தது. 1997ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் மாலை, ஜப்பானியத் தொலைக்காட்சியில் இக்கதையின் ஒரு பகுதி காட்டப்பட்டது. அதிலே பிக்காச்சு தன்மேல் வந்த ஏவுகணைகளை மின்னடியால் தாக்க, சிவப்பும் நீலமும் ஒரு நொடிக்கு ஏறக்குறையப் பன்னிரண்டு முறை மாறிமாறித் திரைமுழுதும் பளிச்சிட்டன. பார்த்திருந்த பிள்ளைகளுள் பலர்க்குத் தலைசுற்றலும் வாந்தியும், சிலர்க்கு வலிப்பும் கண்டன. 685 பிள்ளைகள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அத்தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. அப்பகுதி மறுபடி எங்கும் காட்டப்படவே இல்லை. விட்டுவிட்டு வரும் ஒளி சிலருடைய மூளையின் நுண்ணிய மின்னோட்டத்தைக் குலைத்துவிடும் என்பதை மருத்துவர் முன்னரே அறிவர். பெற்றோர் அன்றுதான் அறிந்தனர். இதில் யாம் கவனித்தது மற்றொன்று. பிள்ளைகளைத் துன்புறுத்தியது ஒளியின் மிகுதி அன்று. அது வந்த கால அளவை. மின்சாரத்தின் கதையும் இதுவே என்பது பின்னர் விளங்கும்.

நிற்க. தளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கோரத்தில், கருநாடக எல்லையை ஒட்டிய மேட்டு நிலத்தில் உள்ளது எம் ஊர். குளிர்ந்த தட்பவெப்பம் கண்டு வெள்ளையர் இதனைக் 'குட்டி இங்கிலாந்து' என்றனர் என்பர். மார்கழி விடியலில் எம் ஊர்ப் பனியில் நடந்தவர்க்கு அப்பெயர் மிகையாகத் தோன்றாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும். வடகிழக்கே ஓசூரில் ஆலைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. எம் பக்கத்திலோ கண்ணாடித்தாள் போர்த்த பந்தல்களின் கீழ் ரோஜாவும், வெளியே முட்டைக்கோசும் தக்காளியும், மழையை நம்பிய மேட்டில் கேழ்வரகும் அவரையும் விளைகின்றன. கேழ்வரகு முற்றும் பருவத்திலே பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை கடந்து ஜவளகிரி, தளி வழியாகத் தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வருகின்றன. மாநில எல்லைக்கல் அவற்றுக்குப் பொருட்டன்று. பகலிற் காட்டில் நின்று இரவிற் கொல்லையில் இறங்கும். நான்கு மாத உழைப்பு ஓர் இரவிற் போகும்; காவலிருந்த மனிதர் உயிரும் சில வேளை போகும். நகரத்திலிருந்து யானையைப் புகழ்ந்து எழுதுவோர் ஒரு மார்கழியேனும் எம் ஊர்ப் பரணிலே படுத்துப் பார்க்கலாம்.

எம் தாய்மாமனுக்குத் தளியை அடுத்த சிற்றூரில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும், கிணற்றோடு கூடிய சிறிது தோட்டமும் உண்டு. 2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் விடுமுறைக்கு அங்கே சென்றிருந்தோம். மாமனுடைய பேரன் பத்து வயதுப் பாலகன். அவன் தந்தை ஓசூர் ஆலை ஒன்றில் வேலை செய்பவர். மகனுக்குக் கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று வாங்கித் தந்திருந்தார். பையன் திண்ணைத் தூணிற் சாய்ந்து, போக்கிமான் போரில் மூழ்கிக் கிடப்பான். அவனுடைய படையில் முதல்வன் பிக்காச்சு அன்று; 'டான்பான்' என்னும் யானை. யானைக் கன்றாகிய 'பான்பி'யைப் பிடித்து, இருபத்தைந்தாம் படிவரை வளர்த்தால் அது டான்பானாக மாறும். 1999இல் வெளிவந்த இரண்டாம் வரிசை விளையாட்டில் இவை புகுந்தன. இரண்டும் தரையினம்.

ஒரு நாள் அந்தியில், கருவியிலிருந்து கண்ணெடுக்காமலே அவன் எம்மை வினவினான்: "மாமா, எதிரி தண்டர்போல்ட் போட்டாலும் டான்பானுக்கு ஒன்றும் ஆகாது. அப்படியானால் மாரண்டஅள்ளியில் ஆனைகள் ஏன் செத்துப்போயின?"

அவ்வாண்டு மார்ச்சு மாதம் தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளியருகே, கொல்லையைக் காக்கக் கள்ளத்தனமாக மின்சாரம் ஏற்றிய கம்பியில் மூன்று யானைகள் மாண்டன. இரண்டு கன்றுகள் மாத்திரம் பிழைத்து, இறந்தவற்றின் பக்கத்திலேயே சுற்றித் திரிந்தன. அப்படத்தைப் பையன் எங்கோ பார்த்திருக்கிறான்.

அவன் வினா விளையாட்டு வினா அன்று. அப்பொழுது முற்றத்தில் மாமன் புதிதாக வாங்கிவந்த கம்பிச் சுருள் ஒன்று கிடந்தது. கிணற்று மோட்டார் அறையிலிருந்து மின்சாரத்தை அக்கம்பிக்கு ஏற்றிக் கேழ்வரகைச் சுற்றிக் கட்டிவிடுவது அவருடைய எண்ணம். யாம் மெல்ல மறுத்துச் சொன்னபொழுது அவர் கூறிய மறுமொழி இது: "மாப்பிள்ளை, நீ படித்தவன், கணக்குப் பார். பக்கத்துத் தோட்டத்துக்காரன் சோலார் வேலி போட்டிருக்கிறான். அதில் ஏழாயிரம் எட்டாயிரம் வோல்ட் ஓடுகிறதாம். அதற்கே ஆனை சாவதில்லை, அலறிக்கொண்டு ஓடுகிறது. நம் லைனில் இருப்பது இருநூற்று முப்பது. இது என்ன செய்துவிடும்? சுருக்கென்று ஓர் அடி, அவ்வளவுதான்."

எண்ணின் மயக்கம் என்று தொடக்கத்திற் கூறியது இதனையே. மாமன் கொடியவர் அல்லர். யானையைக் 'கணேசா' என்றன்றி வேறு பெயரால் அழைத்தறியார். ஆனால் வோல்ட் என்பதே கொல்லும் அளவு என்று நம்பினார். அந்நம்பிக்கை அவர் ஒருவருடையது அன்று.

வோல்ட் என்பது நீரைத் தள்ளும் மேட்டின் உயரம் போன்றது. ஓடும் நீரின் அளவும் அது ஓடும் நேரமும் வேறு. சூரிய வேலியின் கருவி ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒருமுறை ஒரே ஓர் அடி அடிக்கிறது. அவ்வடியின் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இராது. பிறகு ஓய்கிறது. அவ்வோய்வில் யானை துதிக்கையை இழுத்துக்கொள்கிறது. வீட்டு மின்சாரமோ ஓய்வறியாதது; நொடிக்கு ஐம்பது சுற்றாக இடைவிடாது ஓடும். பட்ட தசை இறுகும், இறுகியது விடாது. ஓர் ஆம்பியரில் பத்திலொரு பங்கு மார்பின் வழியே ஒரு நொடி ஓடினால் மனிதருடைய இதயம் தாளம் தப்பி நடுங்கத் தொடங்கும். அதற்கு இருநூற்று முப்பது வோல்ட் தாராளமாகப் போதும். தென்னமெரிக்க ஆறுகளில் வாழும் மின்விலாங்கு ஒன்று 860 வோல்ட்வரை வெளியிடும் என 2019இல் ஆராய்ச்சியாளர் அளந்து அறிவித்தனர். அதுவும் நொடிப்பொழுதிற் சிறு பங்குதான். ஆகவே விலாங்கின் அடி பட்டவன் பெரும்பாலும் பிழைக்கிறான். ஈரக்கையோடு அறுந்த கம்பியைத் தொட்டவன் பிழைப்பது அரிது.

இனிப் பையனுடைய வினா. மின்னல் மண்ணில் இறங்கி அடங்குகிறது. மண்ணையே உடம்பாகக் கொண்ட பிராணியை மின்னடி என்ன செய்யும் என்பது விளையாட்டை அமைத்தவர் கருத்துப் போலும். அழகிய கருத்துத்தான். ஆயினும் தளியின் யானை மண் அன்று. மண்ணின்மேல் வெறுங்காலோடு நிற்கும் நீர் நிறைந்த உடம்பு. கம்பியிலிருந்து மண்ணுக்குச் செல்ல விரும்பும் மின்சாரத்துக்கு அதுவே பாலம். பறவையின் செய்தி இதற்கு நேர்மாறு. விளையாட்டிற் பறவையினத்துக்கு இருமடங்கு அடி. எம் தெருக்கோடியிலோ காக்கை மின்கம்பியில் அமர்ந்து சுகமாக இறகு கோதுகிறது, அதன் கால் மண்ணைத் தொடாமையால். இரண்டு விதிகளும் தளியில் தலைகீழாய்விட்டன.

இதனைச் சொன்னதும் பையன் சிறிது யோசித்து, "ஆனிக்ஸ் நனைந்தபோது மட்டும் பிக்காச்சு அடித்தது பட்டதே!" என்றான். தொலைக்காட்சிக் கதையின் தொடக்கப் பகுதி ஒன்றில், பிக்காச்சுவின் மின்னடிக்கு அசையாத கற்பாம்பாகிய ஆனிக்ஸ், கூரைக் குழாய்களிலிருந்து நீர் பொழிந்து நனைந்தபின் தளர்ந்துவிடும். இலக்கண விதிக்கு அது பொருந்தாது என்று விளையாடுவோர் குறை கூறுவதுண்டு. எம் கொல்லைக்கோ அதுவே பொருந்தும். மார்கழிப் பனியில் நனைந்த மண்ணினும் நல்ல வழி மின்சாரத்துக்கு வேறு வேண்டா.

அவன் எழுந்து மாமனிடம் ஓடினான். யாம் அரைமணி நேரம் சொல்லியும் ஏறாததை அவன் ஒரு மூச்சிற் சொன்னான்: "தாத்தா, சோலார் வேலி அடித்துவிட்டு விட்டுவிடும். இது பிடித்தால் விடவே விடாது. நாளை விடியற்காலை மாடு ஓட்டிக்கொண்டு நீங்கள்தானே முதலில் அந்தப் பக்கம் போவீர்கள்?"

மாமன் சினந்தார். "ஆனை தின்றால் கேழ்வரகை உங்கள் கலாசாலையா அளக்கும்?" என்று எம்மை நோக்கிக் கேட்டார். பையனை நோக்கி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அக்கேள்விக்கு எம்மிடம் விடை இல்லை. பயிர்ச் சேதத்துக்கு அரசு தரும் இழப்பீடு உண்டென்றோம். அதற்கு நடக்கும் நடையை அவர் விரல்விட்டு எண்ணினார். யானையைக் கொல்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி கடுங்குற்றம் என்பதும், மின்வேலிகளைப் பதிந்தே அமைக்க வேண்டுமெனத் தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டுதான் விதி செய்தது என்பதும் எமக்குத் தெரிந்திருந்தன. அவ்வேளையில் அவற்றைச் சொல்லத் துணிவில்லை. சொல்லியிருந்தாற் கேட்டிருக்கவும் மாட்டார். சோலார் வேலிக்கு வேண்டிய பணம் அவ்வாண்டு அவர் கையில் இல்லை. உண்மை அவ்வளவே.

கம்பிச் சுருள் இரண்டு நாள் முற்றத்திலேயே கிடந்தது. மூன்றாம் நாள் காலை மாமன் அதனை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார். யாம் நெஞ்சு பதறிப் பின்தொடர்ந்தோம். அவர் அதில் எட்டு முழம் வெட்டிப் பீர்க்கங்கொடிக்குப் பந்தல் இழுத்துக் கட்டிவிட்டு, மிச்சத்தை மோட்டார் அறையின் ஆணியில் மாட்டினார், எம்மோடு பேசவில்லை.

அன்றிரவு முதல் புளியமரத்துப் பரணில் அவரும், அவர் மகனும், விடுமுறை முடியும்வரை யாமும் முறைவைத்துக் காவலிருந்தோம். தகரமும் தீப்பந்தமும் எம் படைக்கலங்கள். கூட்டம் மூன்று இரவு வந்தது. முதலிரவு சத்தத்துக்கு விலகியது. இரண்டாம் இரவு விலகவில்லை. சூரிய வேலியிட்ட பக்கத்துத் தோட்டத்திலும் அவை பட்ட மரமொன்றைக் கம்பியின்மேற் சாய்த்து வழி செய்துகொண்டன. மின்சாரம் ஏறாதது எது என்று யானைக்குத் தெரிந்திருக்கிறது. மாமனுக்கு அது பெரிய வியப்பு. நிலவொளியிற் கதிர்களைத் துதிக்கையாற் சுருட்டி, வேரோடு பிடுங்கி, முன்காலில் மண் தட்டி உண்ணும் ஓசை பரண்வரை கேட்டது. கூட்டத்தில் ஒரு கன்றும் இருந்தது. அடம்பிடித்துப் பரணுக்கு வந்திருந்த பையன் தன் கருவியை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு, "பான்பி" என்று மட்டும் மெல்லச் சொன்னான். மாமன் அவன் வாயைப் பொத்தினார்.

தை பிறந்ததும் களத்திற் போரடித்தபொழுது பதினெட்டு மூட்டை எதிர்பார்த்த இடத்தில் பதினொன்று கண்டது. அதில் ஒரு மூட்டையை மாமன் எம் வீட்டுக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பியிருந்தார்.